ஞாயிற்றுக்கிழமை எண்பது

மறுபடியும் எண்பது.

ஆய்வாளர் வண்டியிலிருந்து மெல்ல இறங்கி, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் குழாயில் மாட்டியிருந்த ரப்பர் வளையம் தன் கனத்துக்கு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தார். எண்பது மில்லிமீட்டர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். அப்போதும் எண்பதுதான்.

வண்டி சாயாமல் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி எதிரே நின்றிருந்தாள் மனைவி.

"நான் கையை விடலாமா?"

"திங்கக்கிழமை நாப்பத்தஞ்சு இருந்துச்சு," என்றார் அவர்.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை," என்றாள் அவள்.

அது ஒரு பதிலா, குத்தலா, வெறும் தகவலா என்று அவருக்குப் பிடிபடவில்லை. இந்த ஒரு மாதமாக அவருக்கு எதுதான் பிடிபட்டது?

எடை அளவுத் துறையில் இருபத்திரண்டு வருடமாக ஆய்வாளர் அவர். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது வேலை. அவர் தெருவுக்குள் நுழைந்தாலே கடைக்காரர்கள் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். இப்படி ஊரார் அளவையெல்லாம் சரிபார்த்தே நாற்பத்தேழு வயதாகிவிட்டது. தனக்கென்று, யாரையும் கேட்காமல், அவர் வாங்கிய முதல் பொருள் இந்த மோட்டார் சைக்கிள். பழைய வண்டிதான். கல்லிலும் பள்ளத்திலும் ஓட்டுவதற்கென்றே உயரமாகச் செய்தது. ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கைவிடப்பட்ட கல்குவாரிக்குப் பின்னால் போகும் கரட்டுப் பாதையில் ஒரு மணி நேரம் தனியாக இருந்தால், அடுத்த ஆறு நாள் முத்திரை குத்த முடிந்தது. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

முதல் மாதம் பொடிநடை வேகத்தில்தான் ஓட்டினார். கொஞ்சம் தைரியம் வந்து ஒரு பள்ளத்தில் வேகமாக இறங்கிய அன்று, முன்பக்கம் அப்படியே மண்டியிட்டுவிட்டது. வண்டி நின்றது. இவர் மட்டும் மேலே போய் முள்புதரில் இறங்கினார். பதினைந்து நாள் வலது கையைத் தூக்க முடியவில்லை. மனைவி பதினாறாவது நாள் தன் தீர்ப்பைச் சொன்னாள். இன்னும் இரண்டு மாதத்துக்குள் வண்டியைச் சரி செய்யவேண்டும், இல்லாவிட்டால் விற்றுவிடவேண்டும்.

"வண்டி மேல தப்பில்ல. அதுல போட்டிருக்கற ஸ்பிரிங் லேசான ஆளுக்கு," என்றார் அவர்.

அவள் வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மெக்கானிக்கின் பட்டறை ரயில்வே கேட்டுக்கு அருகில் இருந்தது. மெக்கானிக் ஐந்து வார்த்தையில் முடிவதை ஆறாக்கமாட்டார். ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு எடை எவ்வளவு என்று கேட்டார். எண்பத்திநாலு என்றார் ஆய்வாளர். திங்கட்கிழமை சாயங்காலம் அந்த எடைக்கு ஏற்ற ஸ்பிரிங் ஃபோர்க்குக்குள் இறங்கியது. ஆள் ஏறி உட்கார்ந்தால் முன்பக்கம் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்பதுதான் கணக்கு, ஐம்பத்தைந்து இருந்தால் போதும் என்று மெக்கானிக் விளக்கினார். பட்டறையிலேயே அளந்தார்கள். ஐம்பத்தைந்து. ஆய்வாளர் மனதுக்குள் ஒரு முத்திரை குத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழக்கதோஷத்தால் இன்னொரு தரம் அளந்தபோது எண்பது வந்தது. பாதையிலும் வண்டி பழையபடி மண்டியிட்டது.

அளவு மாறினால் முதலில் விற்றவனைச் சந்தேகப்படவேண்டும் என்பது துறையில் அவர் கற்ற பாடம். அடுத்த திங்கட்கிழமை பட்டறையில் ஸ்டூல் போட்டு மெக்கானிக்கின் கைக்கு நேரே உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். போன வாரத்ததைவிடக் கடினமான ஸ்பிரிங் வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

மெக்கானிக் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினார்.

"வீட்ல பேசி ஒரு முடிவுக்கு வாங்க சார்."

"வீட்ல எல்லாம் தெரியும். நீங்க போடுங்க," என்றார் இவர். மனைவிக்கு வண்டி பிடிக்காத விஷயம் ரயில்வே கேட் வரைக்கும் பரவிவிட்டதே என்று கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

புது ஸ்பிரிங் அவர் கண்ணெதிரே உள்ளே போனது. அளந்ததில் நாற்பத்தைந்து. கல்லு மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எண்பது.

அன்று அவர் பாதைக்குப் போகவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். எதைப் போட்டாலும் எண்பது. முதலில் போட்ட ஸ்பிரிங்குக்கும் எண்பது, கடினமானதுக்கும் அதே எண்பது. விற்றவர் மீது தப்பில்லை. ஸ்கேலை அலுவலக ஸ்கேலோடு ஒப்பிட்டுப் பார்த்தாயிற்று, அதிலும் தப்பில்லை. தரை சாய்வோ என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தார். தரையும் யோக்கியமாகவே இருந்தது. மிச்சம் இருந்தது அவர் மட்டும்தான்.

அதற்கப்புறம் ஒரு வாரம், தினமும் மூன்று வேளை ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு அலுவலகத் தராசில் ஏறி நின்றார். குறிப்பேட்டில் எழுதினார். எண்பத்திநாலு, எண்பத்திநாலு, எண்பத்திநாலு. மனைவி சாப்பிடக் கூப்பிட்டால், "ஞாயித்துக்கிழமை முடியட்டும்," என்றார். அவள் தட்டை மூடி வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

கடைசியில் தன்னையே கணக்கிலிருந்து நீக்கிவிடுவது என்று தீர்மானித்தார். அரசாங்க முத்திரை பெற்ற இரும்பு எடைக்கற்கள், இருபது கிலோவில் நாலு, இரண்டு கிலோவில் இரண்டு, ஆட்டோவில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனார். திங்கட்கிழமை மறுபடியும் ஒரு கடினமான ஸ்பிரிங்கைப் போடச் சொல்லி, கற்களைச் சீட்டின்மேல் அடுக்கிக் கயிற்றால் கட்டி அளந்தபோது நாற்பத்தைந்து வந்தது. மெக்கானிக் ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தார்.

அதே கற்கள். அதே கயிறு. ஞாயிற்றுக்கிழமை, எண்பது.

ஆக, கற்கள்தான் கனத்துப்போகின்றன. வேறு வழியில்லை. அவர் மனசாட்சி உள்ள அதிகாரி. மேலதிகாரியிடம் போய் விஷயத்தைச் சொன்னார். அந்தக் கற்களை வைத்துத்தானே அவர் இத்தனை கடைகளுக்கு முத்திரை குத்தியிருக்கிறார்?

மேலதிகாரி பேனாவை மூடி வைத்தார்.

"திங்கக்கிழமை எண்பத்திநாலு கிலோ. ஞாயித்துக்கிழமை அதைவிட அதிகம். அப்படித்தானே?"

"அப்படித்தான் சார் தெரியுது."

"எதுல வச்சுப் பாத்தீங்க?"

"மோட்டார் சைக்கிள்ல சார்."

மேலதிகாரி மூடிய பேனாவைத் திறந்து ஒரு கடிதம் எழுதினார். பிறகு கற்கள் தலைமைச் சோதனைக் கூடத்துக்குப் போயின. அவை திரும்பிவரும் வரை ஊரில் எந்தக் கடையையும் சோதிக்க முடியவில்லை. தெருவில் அவரைக் கண்ட கடைக்காரர்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். அத்தனை பேர் மனதார வாழ்த்தியது அவர் பணிக்காலத்தில் அதுதான் முதல் தடவை. கற்கள் ஒரு மில்லிகிராம் பிசகாமல் இருப்பதாகச் சான்றிதழோடு திரும்பின. அரசாங்க எடைக்கற்கள் எதற்காகத் தனியார் வண்டியின் மேல் ஏறின என்று எழுத்துமூலம் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணையும் கூடவே வந்தது. வண்டி இருக்கும் வரைக்கும் உங்களுக்கு வேலை ஓடாது போலிருக்கிறதே என்று மேலதிகாரி தன்மையாகத்தான் கேட்டார். தன்மையாகக் கேட்டதுதான் அவரை உறுத்தியது.

மனைவி கொடுத்த இரண்டு மாதமும் அன்றோடு முடிந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, வண்டியை விற்றுவிடுகிறேன் என்றார். இனி ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன செய்வது என்று யோசித்தார். செய்தித்தாள் படிக்கலாம். அதைப் படித்து முடித்த பிறகு?

மனைவி தண்ணீர் குடித்தாள். டம்ளரை வைத்தாள்.

"நல்லபடியா வச்சுக்கறவங்க கைக்குப் போகட்டும்," என்றாள். குரல் ஆறுதலாகத்தான் இருந்தது.

மெக்கானிக்கிடம் போனில் சொன்னபோது, வாங்க ஆள் தயாராக இருக்கிறது என்று அப்போதே சொல்லிவிட்டார். வண்டியை நன்றாக ஓட்டத் தெரிந்தவர், கேட்டதும் சம்மதித்துவிடுவார் என்றார். அதுவும் ஆய்வாளருக்குக் கொஞ்சம் வலித்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் வண்டியைத் துடைத்துப் பளபளப்பாக்கி, கடைசியாக ஒரு தடவை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். மெக்கானிக் வண்டியைச் சுற்றி வந்து முன்பக்கத்தை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். இதுவே இருக்கட்டும், வாங்குகிறவருக்கு இதுதான் சரி, எதையும் மாற்றவேண்டாம் என்றார்.

ஆய்வாளர் சாவியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். குறை தெரிந்தும் சொல்லாமல் விற்பது மோசடி. மற்றவர்கள் செய்தால் அவர் அபராதம் போடுகிற விஷயம்.

"வாங்கறவர்கிட்ட நான் ஒரு உண்மையைச் சொல்லியாகணும்," என்றார். "இந்த ஸ்பிரிங் ஒரு நிலையில நிக்காது. திங்கக்கிழமை ஒரு அளவு இருக்கும், ஞாயித்துக்கிழமை வேற அளவா மாறிடும். ஏன்னு எனக்குத் தெரியல. சோதனைக் கூடத்துக்கும் தெரியல. அவருக்கு இது தெரிஞ்சே வாங்கட்டும்."

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக நீளமாகப் பேசினார்.

"வாங்கப்போறவங்களுக்குத் தெரியாமலா சார்? நீங்க திங்கக்கிழமை போட்டுட்டுப் போற ஸ்பிரிங்கை வாராவாரம் வியாழக்கிழமை வந்து கழட்டச் சொல்லி, தன் எடைக்கு மாத்திக்கிட்டு குவாரிக்குப் போறதே உங்க வீட்டம்மாதானே?"