பின்சீட்டுக்குச் சொன்ன அறிவுரை

அறிவுரை சொல்வதற்கு முன், கேட்க ஆள் இருக்கிறதா என்று திரும்பிப் பார்ப்பது நல்லது. பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் நெல்லும் தென்னையும் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு இது நாற்பத்திரண்டு வயதில்தான் தெரிந்தது.

மகள் காவ்யா நான்காம் வகுப்பு. ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்காருவதில்லை, எழுதுவதைப் பாதியில் விட்டுவிடுகிறாள் என்று டீச்சர் சொன்னார். பாலக்காட்டில் ஒரு டாக்டரிடம் நேரம் வாங்கினோம். (வாங்கியது மனைவி சுமதி. என்னிடம் விட்டிருந்தால் காவ்யா கல்லூரியே முடித்திருப்பாள்.)

ஸ்கூட்டரில் நானும் மகளும் கிளம்பினோம். வழியில் பெட்ரோல் போட நிறுத்தியபோது அவள் இறங்கினாள். போட்டு முடித்ததும் நான் புறப்பட்டேன்.

"கண்ணு, எதுலயும் கவனம் வேணும். அப்பனப் பாரு, ஒரு வேலையத் தொட்டா முடிக்காம உடமாட்டேன்!"

டவுன் வரும்வரை பேசினேன். குறுக்கே ஒரு வார்த்தை இல்லை. பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்று மகிழ்ந்தேன்.

கிளினிக்கில் நர்ஸ் பிள்ளையைத் தேடி மலையாளத்தில் கேட்டார்: "குட்டி எவிடெ?"

திரும்பினேன். குட்டி இல்லை. ஸ்கூட்டருக்கு ஓடினேன். (சீட்டைத் தூக்கிப் பார்த்ததாகச் சுமதி சொல்வது பொய்.) சாலையில் பார்த்த லாரிகளெல்லாம் கண்முன் வந்தன. போனை எடுத்தால், டாக்டரிடம் போகிறோமே என்று வீட்டிலேயே சத்தத்தை நிறுத்தியிருந்த போனில் பதினொரு அழைப்புகள். பன்னிரண்டாவது அழைப்பில் சுமதி பேசினாள்.

"புள்ள பங்க்குலயே இருக்குதுங்க. அங்க வேல செய்யற அக்கா போன்லருந்து கூப்பிட்டுச்சு. நான் ஆட்டோவுல கூட்டியாறேன்."

"நானே வாறேன் சுமதி…"

"வேண்டாங்க. நீங்க அங்கயே உக்காருங்க. உங்களையும் சேத்துத் தேட என்னால ஆகாது."

டாக்டரம்மா காவ்யாவைப் பார்த்து முடித்து, என் பக்கம் திரும்பினார். சின்ன வயதில் நான் எப்படி என்று கேட்டார். என்னைப் பெஞ்சில் உட்கார வைக்க இரண்டு வாத்தியார்கள் வேண்டும், இப்போது அமைதியான ஆள் என்றேன். சுமதி மின்விசிறியைப் பார்த்தாள்.

"ஒரு வேலையில இறங்கினா மூளையில சில பகுதிகள் சேர்ந்து இயங்கும்," என்றார் டாக்டர். "மனசு சும்மா அலையறப்ப இயங்கறது வேற பகுதிகள். வேலை நடக்கறப்ப அதெல்லாம் அடங்கணும். காவ்யா மாதிரி கவனக் குறைபாடு உள்ள சிலருக்கு அது சரியா அடங்கறதில்லைனு சொல்றாங்க. வளர்ந்து பெரியவங்களானா பலருக்கு ஓட்டம் குறையும். மறதியும் கவனச் சிதறலும் தங்கிடலாம். அப்ப ஓடினது கால், இப்ப ஓடறது மனசு."

எனக்கும் ஒரு சீட்டு எழுதி, சோதனைக்கு நாள் கொடுத்தார். இத்தனை மாதம் பிள்ளையை எதற்குத் திட்டினேனோ, அது என்னிடமே இருக்கலாம் என்றதும் தலை குனிந்துவிட்டது. காவ்யாவுக்கோ ஒரே சந்தோஷம். "அப்பா, உங்களுக்குமா?"

இப்போது ஸ்கூட்டர் கிளம்பும் முன், பின்னாலிருந்து காவ்யா சத்தமாகச் சொல்வாள்: "உள்ளேன் ஐயா!"

சுமதி ஏறினாலும் அதையேதான் சொல்கிறாள். அவள் சிரிப்பதில்லை.