மஃரிபுக்கு இறங்கும் கொடி

எங்கள் தெருவில் சூரியன் மறைவதற்குக் கொடிக் காக்காவின் சம்மதம் தேவைப்பட்டது. கல்முனையின் மற்றத் தெருக்களில் அது தன்பாட்டில் மறைந்துகொண்டுதான் இருந்திருக்கும். எங்கள் தெருவில் மட்டும், அவருடைய பஞ்சர் கடை வாசலில் நின்ற இரும்புக் கம்பத்திலிருந்து காக்கா இலங்கைத் தேசியக் கொடியை இறக்கினால்தான் பொழுது பட்டதாகக் கணக்கு.

அவருக்கு உம்மாவும் வாப்பாவும் ஒரு பெயர் வைத்திருக்கத்தான் வேண்டும். அதை யாரும் கேட்டதில்லை. மற்றவர்கள் சுதந்திர தினத்துக்கு ஒரு நாள் கொடி கட்டுவார்கள். அவர் வருடம் முழுக்கக் கட்டினார். சூரியன் எழும்பியதும் ஏற்றுவார், பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கு மஃரிப் வாங்கு சொல்லும்போது இறக்குவார். இது என்ன புதுப் பழக்கம் என்று நான் ஒரு முறை கேட்டுவிட்டேன்.

"அந்தக் கொடியில பச்சையில ஒரு கோடு கிடக்கு மனே. அது முஸ்லிமாக்கள் நமக்கெண்டு வெச்சது. வெச்சவன் மறந்தாலும் நாம மறக்கப்படாது" என்றார், ட்யூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கிக் குமிழி தேடியபடியே.

கிரிக்கெட் நாட்களில் அவருக்குப் பக்கத்தில் இருக்கவே கூடாது. எதிரே இருந்த தேத்தண்ணிக் கடை டீவியில் தேசிய கீதம் தொடங்கியதும், செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து விறைப்பாக நிற்பார். கடையில் இருக்கிற எல்லாரும் எழும்ப வேண்டும். காரைதீவு வாத்தியார் ஒருவர் சைக்கிளை அவரிடம் கொடுத்துவிட்டு வடை சாப்பிட உட்கார்ந்தவர், பாதி வடையை வாயில் வைத்துக்கொண்டு மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றார். அது முடிந்து உட்காரப் போனால், எதிரணியின் கீதம் தொடங்கியது. காக்கா அதற்கும் அசையாமல் நின்றார். "அவனுகளுக்கும் ஒரு நாடுதானே" என்றார். வாத்தியார் பிறகு சைக்கிளைச் சாய்ந்தமருதுக் கடையில் திருத்திக்கொண்டார் என்று கேள்வி.

ஒரு நோன்பு மாதத்தில், நோன்பு திறக்கும் நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. வானம் மூடிக் கிடந்தது. பள்ளிவாசல் ஸ்பீக்கர் செத்துப்போயிற்று. தெருவே கஞ்சிக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு, பேரீச்சம்பழமும் கையுமாகக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கொடி இறங்கியது. நாங்கள் பிஸ்மி சொல்லி நோன்பைத் திறந்தோம். பாதிக் கஞ்சி உள்ளே போன பிறகுதான், மோதினார் பள்ளி மதிலில் ஏறி நின்று வெறும் தொண்டையால் வாங்கு சொல்வது கேட்டது. மழைத்துளி விழுந்ததும் கொடி நனையக்கூடாது என்று காக்கா முன்கூட்டியே இறக்கியிருக்கிறார். அந்த நோன்பைத் திரும்பப் பிடிக்க வேண்டும் என்று மௌலவி தீர்ப்புச் சொன்னார். தெருவே திரண்டு பஞ்சர் கடைக்குச் சண்டைக்குப் போனது.

"நான் கொடியத்தான் இறக்கின. சூரியன இறக்கல்ல" என்றார் காக்கா.

பிறகு அந்தக் கெட்ட ஏப்ரல் வந்தது. உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தன. வெடிக்க வைத்தவர்களின் பெயர்கள் எங்கள் பெயர்களைப் போலவே இருந்தன. ஆமி வீடு வீடாகத் தேடத் தொடங்கியது. ஒரே கிழமையில் எங்கள் தெருவின் எல்லா கேட்டிலும் தேசியக் கொடி முளைத்துவிட்டது. ஒரு வீட்டில் கோழிக்கூட்டிலும் ஒன்று கட்டியிருந்தார்கள். ஆமிக்காரன் கோழியைச் சந்தேகப்பட்டால் என்ன செய்வது?

அந்தக் கிழமைதான் காக்கா தன் கொடியை ஏற்றாமல் விட்டார்.

வருடம் முழுக்கக் கொடி பறந்த கம்பம் இப்போது மொட்டையாக நின்றால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? அவரைக் கொண்டுபோய் அடைத்துவிட்டால் யார் போய்க் கேட்பது? பள்ளிவாசல் தலைவர் கெஞ்சினார், மௌலவி கெஞ்சினார், காக்காவின் பெண்சாதி அழுதார். நானும் போனேன்.

"இவ்வளவு நாளும் ஆசையில ஏத்தின கொடி மனே" என்றார். "இப்ப ஏத்தினா அது பயத்துல ஏத்தின கொடி. என்னால ஏலா."

மூன்றாம் நாள் பின்னேரம் ஆமி எங்கள் தெருவுக்கு வந்தது. அதிகாரி நேரே கம்பத்தடிக்குத்தான் போனார். எனக்குச் சிங்களம் வரும் என்பதால் என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள். கம்பம் இருக்கிறது, கொடி எங்கே என்பது கேள்வி.

"பயந்து ஏத்த ஏலாதெண்டு சொல்லு" என்றார் காக்கா.

கொடியைக் கழுவிப் போட்டிருக்கிறாராம் என்று நான் சிங்களத்தில் சொன்னேன். எடுத்து வா என்றார் அதிகாரி. காக்கா கையைக் கழுவிவிட்டு வீட்டுக்குள் போய், குர்ஆன் வைக்கும் அலமாரித் தட்டிலிருந்து வெள்ளைத் துணியில் சுற்றிய பொதியைக் கொண்டுவந்து விரித்தார். ஒரு மடிப்புச் சுருக்கம் இல்லாமல் அயர்ன் பண்ணியிருந்தது. அதிகாரி கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு, சரி ஏற்று என்றார். அந்த நேரம் பார்த்து மஃரிப் வாங்கு கேட்டது.

"இனி ஏலா. பொழுது பட்டுட்டு" என்று காக்கா கொடியை மடிக்கத் தொடங்கினார்.

இதை மட்டும் நான் மாற்றாமல் சொன்னேன். அதிகாரி வானத்தைப் பார்த்தார், மடிந்துகொண்டிருந்த கொடியைப் பார்த்தார். பிறகு தெருவைத் திரும்பிப் பார்த்து, அப்படியென்றால் அதெல்லாம் ஏன் இன்னும் தொங்குகிறது என்று கேட்டார். அவர் பார்வை கோழிக்கூட்டில் நின்றது. கோழிக்கூட்டுக்காரர்தான் முதலில் கொடியை இறக்க ஓடினார்.

அன்றிலிருந்து எங்கள் தெரு காலையில் கொடி ஏற்றி மஃரிபுக்கு இறக்கியது. காக்கா கையைக் கட்டிக்கொண்டு வாசல் வாசலாகப் போய், யார் கோணலாகக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தார். அவர் கம்பம் மட்டும் மொட்டையாகவே நின்றது. தேடுதல்கள் ஓய்ந்த பிறகு எங்கள் கொடிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கடைசியாகக் கோழிக்கூட்டுக் கொடியும் போனது. மறுநாள் விடிய, யாரும் சொல்லாமல், காக்காவின் கொடி மேலே நின்றது.

போன வருடம் காக்கா மவுத்தானார். கம்பத்தில் அவர் மகன் டீவி அன்டெனா கட்டியிருக்கிறான். பள்ளிவாசலில் இப்போது ஜெனரேட்டர் இருக்கிறது. கரண்ட் போனாலும் வாங்கு தவறுவதில்லை. ஆனாலும் நோன்பு நாட்களில், வாங்கு கேட்ட பிறகும், பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் நான் அந்தக் கம்பத்தைத்தான் பார்க்கிறேன்.