பதினாறு பல்பு விளக்கும் ஆறு மணி விசிலும்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய, சம்பந்தி ஆகவிருந்த, இன்னமும் ஆகக்கூடும் என்று நான் நம்பிக்கொண்டிருக்கிற விளக்குக் கடை ஐயா அவர்களுக்கு,

மாப்பிள்ளையின் தகப்பனார் (அப்படிச் சொல்லிக்கொள்ள எனக்கு இன்னும் உரிமை இருந்தால்) பணிவன்புடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் துணைவியாரும் தங்கள் அக்காவும் செல்வமகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் நினைத்தேன், கை வரவில்லை. பெண்ணைக் கொடுக்கப்போகும் வீட்டைப் பார்க்கவேண்டும் என்று தாங்கள் வந்துபோன நாளிலிருந்து ஒரு போன் இல்லை, ஒரு வரி இல்லை. என் மகன் சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறான். என் மனைவி என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். அன்று படியிறங்கும்போது தாங்கள் என் தோளில் கை வைத்து, "கரண்டு பில்லு கட்ட முடியலேன்னா கூச்சப்படாம சொல்லுங்க, நான் கட்டிடறேன்" என்றீர்களே, அது இன்னும் என் காதைக் குடைகிறது. ஐயா, எங்கள் வீட்டுக் கரண்டை யாரும் பிடுங்கவில்லை. நாங்கள் ஏழைகள் இல்லை. கஞ்சர்களும் இல்லை. தங்கள் அக்கா தெருமுனை வரை சொல்லிக்கொண்டே போனாராமே, அப்படி எனக்கு மூளை பிசகவும் இல்லை. நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிட்டால் தாங்களே புரிந்துகொள்வீர்கள்.

நான் ஆலையில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலை தொடங்கவும் முடியவும் ஆலைச் சங்கை ஊதவிட்டது இந்தக் கைதான். அங்கே என் பட்டப்பெயரே சங்கு. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபின் என்னிடம் மணி கேட்க ஓர் ஆள் இல்லை, எல்லார் கையிலும் போன் இருக்கிறது. இப்படி ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் கரண்டு பில்லோடு ஒரு நோட்டீஸ் வந்தது. இனி வீடுகளுக்கும் நேரத்துக்கு நேரம் மின்கட்டணம் மாறும் என்று அதில் போட்டிருந்தது. பகலில் வெயில் காய்கிறது, சூரிய மின்சாரம் கொட்டிக் கிடக்கிறது, அதனால் ஒன்பதிலிருந்து ஐந்து வரை மலிவு. மாலையில் ஊரே வீடு திரும்பி, விளக்கு, விசிறி, டிவி, அடுப்பு என்று எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் போடுகிறது, கரண்டுக்கு அடிதடி, அதனால் ஆறிலிருந்து பத்து வரை விலை எகிறும். மற்ற நேரத்தில் வழக்கமான விலை. மழை பிடித்துக்கொண்டால் வாடகை வண்டிக்காரர் கூலியை ஏற்றுவார் அல்லவா, அந்தக் கணக்குதான். எவ்வளவு செலவழிக்கிறோம் என்பதோடு எப்போது செலவழிக்கிறோம் என்பதையும் பார்ப்பார்களாம். ஐயா, அதைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நேரத்துக்கு ஒரு மரியாதை உண்டு என்று ஆயுள் முழுக்க நான் கத்தியதை யாரோ அச்சடித்து வீடு தேடி அனுப்பியிருக்கிறார்கள்.

மறுநாளே கடைக்குப் போய் ஒரு விசில் வாங்கினேன். ஆறு மணிக்கு நான் விசில் ஊதினால் என் மனைவி ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கவேண்டும், என் மகன் ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை இறக்கவேண்டும். முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். எங்கள் அடுப்பு கரண்டு அடுப்பு, அதனால் இரவுச் சாப்பாட்டை நாலு மணிக்கு மாற்றினேன். வாசல் அழைப்பு மணியின் ஒயரையும் கழற்றினேன், வருகிறவர்கள் அழுத்துவதற்கு நாம் ஏன் அழவேண்டும்? பகலில் மலிவாகக் கிடைக்கிறதே என்று, துவைத்த திரைச்சீலைகளையே மறுபடி துவைக்கச் சொன்னேன், இஸ்திரி போட்ட சட்டைகளுக்கே மறுபடி இஸ்திரி போட்டேன். மாலையானால் மாடிப்படிக்கு அடியில் மீட்டர் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவேன். மணி ஆறைத் தாண்டியதும் உள்ளே இருக்கும் சக்கரம் வேகமாகச் சுற்றுவதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன், அப்போதுதான் மெயினை இறக்க விசில் ஊதுவேன். இவ்வளவுக்கும் பிறகு வந்த பில் குறையவில்லை, கொஞ்சம் கூடித்தான் இருந்தது. எனக்குத் தெரியாமல் யாரோ மாலையில் இஸ்திரி போடுகிறார்கள் என்று மனைவியைச் சந்தேகப்பட்டேன். அவள் பேச்சை நிறுத்தியதற்கு அதுவும் ஒரு காரணம்.

தங்களைச் சாப்பாட்டுக்கு அழைத்தபோது நாலு மணி என்றுதான் எழுதினேன். நாலு மணிக்கு எவனாவது சாப்பாடு போடுவானா, கைப்பிழையாக இருக்கும் என்று பெருந்தன்மையோடு நினைத்து, துணைவியார், அக்கா, மகள் எல்லாரோடும் ஏழரைக்கு வந்தீர்கள். நாங்களோ காத்திருந்து பார்த்துவிட்டு, சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, இருட்டில் உட்கார்ந்திருந்தோம். தாங்கள் அழைப்பு மணியை அழுத்தினீர்கள், அது அடிக்கவில்லை. கதவைத் தட்டினீர்கள். நான் உள்ளேயிருந்து, "யாரு? இப்ப மணி என்னன்னு தெரியுமா?" என்று கேட்டேன். வருகிறவர்களை அப்படிக் கேட்கக்கூடாதுதான், ஆனால் ஆலைக் கேட்டில் கேட்டுக் கேட்டு அது நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. கதவைத் திறந்து டார்ச்சை ஒவ்வொருவர் முகத்திலும் அடித்துப் பார்த்ததும் அதே பழக்கம்தான். அதோடு டார்ச்சிலும் சார்ஜ் தீர்ந்துபோனது. தாங்கள் போனில் விளக்குப் போட்டீர்கள். "பேட்டரி தீந்துட்டா இங்க பத்து மணி வரைக்கும் சார்ஜ் போட முடியாதுங்க" என்று நல்லெண்ணத்தில் சொன்னேன், உடனே அணைத்துவிட்டீர்கள். என் மனைவி ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். விசிறி ஓடாததால் எல்லாருக்கும் ஆளுக்கொரு அட்டை கொடுத்தேன், எல்லாரும் விசிறியதில் மெழுகுவர்த்தி அணைந்தது. ஏற்றினோம், விசிறினீர்கள், அணைந்தது. வெளிச்சம் வேண்டுமா காற்று வேண்டுமா என்று கேட்டேன். தங்கள் துணைவியார் காற்று என்றார்கள்.

இருட்டில் தங்கள் அக்கா மாப்பிள்ளையை விசாரிக்கத் தொடங்கினார். "என்ன தம்பி, சம்பளமெல்லாம் அம்மா கையில குடுப்பீங்களா? எங்க பொண்ணு வேலைக்குப் போவா, ஒண்ணும் சொல்லமாட்டீங்களே?" என்று நிறுத்தி நிதானமாகக் கேட்டார். பதிலே வரவில்லை. "அடக்கமான பையன், எதுத்து ஒரு வார்த்தை பேசலையே" என்று மெச்சிக்கொண்டார். அப்போது என் மகன் பின்கட்டில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். தங்கள் அக்கா விசாரித்தது துணி மாட்டும் ஸ்டாண்டில் தொங்கிய அவன் சட்டையை. அதை நான் அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் பாராட்டு வந்துகொண்டிருந்ததே, நடுவில் எப்படி வாயைத் திறப்பது?

பிறகுதான், தாங்கள் கடையிலிருந்து ஆசையாய்த் தூக்கிக்கொண்டு வந்த பெட்டியைப் பிரித்தீர்கள். பதினாறு பல்புத் தொங்குவிளக்கு! "மாட்டிப் பாத்துடலாமா?" என்று கேட்டீர்கள். "நாளைக்குப் பகல்ல, நல்லா வெயில் வந்ததும் போட்டுப் பாத்துக்கறோம்" என்றேன். விளக்கு விற்றே மூன்று மாடி கட்டிய மனிதரிடம் சொல்கிற பேச்சா அது? தாங்கள் பாவம், சுவரைத் தடவி எங்கேயோ ஒரு ஸ்விட்சைக் கண்டுபிடித்துத் தட்டினீர்கள். அன்று விருந்தாளிகள் வருகிறார்கள் என்று மெயினை இறக்காமல் வைத்திருந்தோம், அதனால் கூடத்து விளக்கு பளிச்சென்று எரிந்துவிட்டது. நான் நினைத்துச் செய்யவில்லை, ஐயா. கை தானாகப் போனது, விசில் தானாக வாய்க்கு வந்தது, தங்கள் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் ஊதிவிட்டேன். பழக்க தோஷத்தில் என் மனைவி தங்கள் துணைவியாரைத் தாண்டிப் பாய்ந்து ஃபிரிட்ஜைப் பிடுங்கினாள். என் மகன் முகத்தில் சோப்போடு ஓடிவந்து மெயினை இறக்கினான். அந்த அரை நொடி வெளிச்சத்தில் தங்கள் அக்கா சட்டையையும் பார்த்தார், சோப்பு முகத்தையும் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களும் அவரவர் விளக்கை அணைத்தார்கள்.

மனம் விட்டுச் சொல்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. தங்கள் மகளை என் மகனுக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது, அவள் பேரைச் சொன்னால் அவனுக்கு முகமே மாறிவிடுகிறது. நாலு காசு விளக்குச் செலவுக்காக அந்த முகத்தை நான் அணைத்துவிட்டேனே என்று இரவெல்லாம் புரள்கிறேன். அதனால் இதைத் தீர்மானமாக எழுதுகிறேன். நோட்டீஸைக் கிழித்துவிட்டேன். விசிலை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டேன். அழைப்பு மணிக்கு ஒயர் மாட்டியாயிற்று. தாங்கள் குடும்பத்தோடு மறுபடி வரவேண்டும். எந்த நாளானாலும் சரி, எந்த நேரமானாலும் சரி. விலை எகிறிய நேரமாகவே இருக்கட்டும், பதினாறு பல்பும் எரியும், எல்லா விசிறியும் சுற்றும், சாப்பாடு சுடச்சுட இருக்கும். இனி எங்கள் வீட்டில் மணி பார்க்கிற பேச்சே கிடையாது, இது சத்தியம்.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கமும், பாய்ந்ததற்காக என் மனைவியின் மன்னிப்பும். தங்கள் அக்காவுக்கு என் மகனின் வணக்கம், இந்த முறை அவனே நேரில் சொன்னது. தங்கள் செல்வமகளுக்கு, மருமகளே என்று எழுத ஆசைப்பட்டு, பாதியில் நிறுத்திக்கொண்ட மாமனாரின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை வாசலில் நின்று எதிர்பார்க்கும்,
சங்கு

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் என் மகன் வந்து தோளுக்கு மேலாகப் படித்துவிட்டு, தரையில் உட்கார்ந்து சிரித்தான். அன்று தாங்கள் எல்லாரும் இருட்டில் செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தபோது, தங்கள் மகள் மாடிப்படிக்கு அடியில் போன் வெளிச்சத்தை அடித்து எங்கள் மீட்டரைப் பார்த்திருக்கிறாள். விளக்குக் கடையில் வளர்ந்த பெண் அல்லவா? மறுநாளே என் மகனைக் கூப்பிட்டு, "உங்க வீட்டுல இருக்கறது சக்கரம் சுத்தற பழைய மீட்டருங்க. அதுக்கு யூனிட் எண்ணத்தான் தெரியும், மணி பாக்கத் தெரியாது. எந்த நேரத்துல போட்டாலும் உங்களுக்கு ஒரே விலைதான். புது மீட்டர் வெச்ச வீட்டுக்குத்தான் அந்த நோட்டீஸ்" என்று சொல்லியிருக்கிறாள். "இதை உங்க அப்பாகிட்ட இப்ப சொல்லிடாதீங்க, மனசு ஒடஞ்சுடுவாரு. எங்க அப்பாகிட்ட நான் சொல்லவே மாட்டேன்" என்றும் சொன்னாளாம். அன்றிலிருந்து இரண்டு பேரும் தினமும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பையன் சாப்பிடாமல் எழுந்து போனது போன் வந்ததால். என் மானத்தைத் தங்களிடமிருந்து காப்பாற்றிய பெண், எங்கள் வீட்டு மருமகள் ஆகாமல் வேறு யார் ஆவது? சம்மதம் என்றே எடுத்துக்கொள்கிறேன், சம்பந்தி.

கரண்டு ஆபீஸுக்கும் ஓடிப்போய் விசாரித்துவிட்டேன். எங்கள் தெருவுக்கு மணி பார்க்கத் தெரிந்த புது மீட்டர் வருகிற வெள்ளிக்கிழமை மாட்டுகிறார்களாம். ஆகவே தயவுசெய்து வியாழக்கிழமைக்குள் வந்துவிடுங்கள், பதினாறு பல்பும் விடிய விடிய எரியட்டும். அதற்குப் பிறகுதான் வர முடியும் என்றால், சாப்பாடு நாலு மணிக்கு. நாலு என்றால் நாலுதான். விசிலை மனைவியிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டேன்.