எல்லோருக்கும் புரியும் உரை

உரையாசிரியர் ஆவது என்று நான் முடிவு செய்தது ஒரு திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு. பத்து இருபதுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துவிட்டது.

நான் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்பவன். மற்றவர்கள் எழுதியதில் விட்டுப்போன ஒற்றுகளைத் தேடிச் சிவப்பு மையில் சுழிப்பது என் தொழில். இருபத்திரண்டு வருஷமாகச் சுழிக்கிறேன். நான் சுழித்த புத்தகங்களில் எழுதியவர் பெயர் இருக்கும், அச்சிட்டவர் பெயர் இருக்கும், அட்டைப் படம் போட்டவர் பெயர் இருக்கும். ஒரு கவிஞர் தன் பூனைக்குக்கூட நன்றி சொல்லியிருந்தார். என் பெயர் எதிலும் இருந்ததில்லை.

அன்று பதிப்பாளர் எங்களை எல்லாம் தன் அறைக்குக் கூப்பிட்டார். பழைய இலக்கியங்களை இந்தக் காலத்து வாசகர்களுக்காகப் புதிதாக அச்சிடப் போகிறாராம். பெரிய எழுத்து, கண்ணை உறுத்தாத தாள், சந்தி பிரித்த பாட்டு, அடியில் எல்லோருக்கும் புரியும் உரை. முதலில் ஒரு காவியம், இரண்டு பாகங்களாக. கோபித்துக்கொண்டு அப்பா கோட்டைக்குப் போய்விட்ட ராணியைத் தேடி ராஜா அலைகிற கதை.

"உரை எழுதத்தான் ஆள் தேடணும்" என்றார்.

"நான் எழுதறேன் சார்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யார் சொன்னது என்று நானும் திரும்பிப் பார்த்தேன்.

மாதிரிக்கு ஐந்து பாட்டு. மூன்று நாள் ஆயிற்று. முதல் பாட்டுக்கு இப்படி எழுதியிருந்தேன்: 'மாலை தவழும் மார்பினனாகிய மன்னன், தன் மனைக்கிழத்தியின் ஊடல் தணிக்கும் திறனறியாது உளம் கலங்கினான்.' வாய்விட்டுப் படித்துப் பார்த்தபோது எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

பதிப்பாளர் படித்தார். "நல்லாத்தான் இருக்கு. இதுக்கு ஒரு உரை எழுதிடுங்க."

"இதுதான் சார் உரை."

"அப்ப பாட்டு?"

"மேல இருக்கறது சார்."

மேலே பார்த்தார். "அதாவது கொஞ்சம் புரியுது."

சாயங்காலம் தாளை வீட்டு மேசையில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் விசாரணை மேசையில் வேலை. ஒரு நாளைக்கு நானூறு பேர் அவளிடம் வழி கேட்கிறார்கள். நானூறு பேரும் போய்ச் சேருகிறார்கள்.

"என்னங்க அது?"

"உரை."

"தலையணை உறையா? ஒண்ணைக் காணோம்னு அப்பலேருந்து தேடறேன்."

"இது வேற உரை. சின்ன ர."

எடுத்துப் படித்தாள். "தலையணை உறையே தேவலை. அதுல தலையை வெச்சாத்தான் தூக்கம் வரும். இது கையில எடுத்தாலே வருது."

"இதெல்லாம் உனக்குப் புரியாது. காவியம்."

"என்ன புரியலை? பொண்டாட்டி கோவமா இருக்கா. எப்படிச் சமாதானம் பண்றதுன்னு தெரியாம ராஜா முழிக்கிறான். அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். நான் எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மருந்துக்கடைச் சீட்டின் பின்பக்கத்தில் அதை ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் பதிப்பாளர் மேசையைத் தட்டினார். "இதைத்தான்யா கேட்டேன்! எப்படிய்யா வந்துச்சு?"

"தானா வந்துச்சு சார்."

மெய்ப்புப் பார்ப்பவன் சொன்ன முதல் பொய்.

அதற்குப் பிறகு திட்டம் தானாக உருவாயிற்று. மனைவியிடம் உண்மையைச் சொல்லக் கூடாது. சொன்னால் அட்டையில் இரண்டு பெயர் வரும். இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தவனுக்கு அரை அட்டை போதாது. எனவே அன்று மாலை, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவள் முன் போய் நின்றேன்.

"உன்னோட இலக்கிய ரசனையை வளர்க்கலாம்னு இருக்கேன்."

"அது இப்ப குட்டையா இருக்கா?"

"தினமும் பத்துப் பாட்டு படிக்கிறேன். சந்தி எல்லாம் பிரிச்சு, கஷ்டமான வார்த்தைக்கு அர்த்தமும் சொல்றேன். மொத்தமா என்ன புரிஞ்சுதுன்னு நீ சொல்லு. போதும்."

"சந்தி பிரிங்க. சந்தி சிரிக்காமப் பாத்துக்குங்க." அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீங்க பாட்டுக்குப் பாட்டைப் படிங்க. நான் பாட்டுக்கு வேலையைப் பாக்கறேன்."

நான் படித்தேன். அவள் சொன்னாள். குறுக்கெழுத்துப் போட்டிக்கு விடை எழுதுவது போல நான் செய்தித்தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். ராஜா காட்டுக்குள் நுழைகிற இடத்தைப் பழைய உரைக்காரர் ஒருவர் நான்கு பக்கம் விளக்கியிருக்கிறார். இவள் தேங்கிய தண்ணீரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நேரா போனான். வழியில யாரையும் கேக்கலை. கேட்டா அவங்களுக்கும் தெரியாது."

இரண்டாம் சருக்கம் பெரும்பாலும் தொலைபேசியில் உருவானது. அவள் தன் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்; நான் அடுத்த அறையில் காதைக் கதவில் வைத்து எழுதிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, அவன் என்ன பண்ணினான் தெரியுமா? நேர்ல வர தைரியமில்லாம அமைச்சரைத் தூது அனுப்பறான்... இல்லக்கா, எங்க ஆஸ்பத்திரியில இல்ல. இவன் ராஜா... ஆமா, கல்யாணம் ஆனவன்தான். பின்ன எதுக்கு முழிக்கிறான்?"

இரண்டு வாரம் தேரோட்டம் போல நடந்தது. மூன்றாவது வாரம் அவள் செய்தித்தாளை எட்டிப் பார்த்தாள்.

"இன்னிக்குக் குறுக்கெழுத்துல விடை ரொம்ப நீளமோ?"

"ஆமா. பதினேழு எழுத்து."

"கட்டம் அஞ்சுதானே இருக்கு?"

நான் பேனாவை மூடினேன். அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாளிலிருந்து பாட்டுக்கு முன்னால் ஒரு வேலை வந்தது. "பாத்திரத்தைத் துடைச்சுக்கிட்டே படிங்களேன், குரல் நல்லா எடுக்கும்." அதற்கடுத்த நாள் ஜன்னல். அப்புறம் துணி உலர்த்துவது. இரண்டு கையும் ஈரமாக இருந்தால் எழுத முடியாது. பத்து உரையையும் மனப்பாடம் செய்துகொண்டு அலுவலகத்துக்கு ஓடுவேன். வழியில் தெரிந்தவர்கள் வணக்கம் சொன்னால் பதில் சொல்ல மாட்டேன். வாயைத் திறந்தால் ஒரு பாட்டு விழுந்துவிடும்.

ஒரு வாரம் திடீரென்று நிறுத்திவிட்டாள். "ரசனை போதுமான அளவு வளந்துடுச்சுங்க. கொஞ்சம் நிக்கட்டும்."

கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. பத்துப் பாட்டுக்கு நானே எழுதிக் கொடுத்தேன். பதிப்பாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைக் கவலையோடு பார்த்தார்.

"இதை வேற யார்கிட்டயாவது கொடுத்து எழுதி வாங்கினீங்களா?"

"இல்லையே சார். ஏன்?"

"உங்க நடையே இல்லை. இனிமே வெளியில எல்லாம் கொடுக்காதீங்கய்யா. கெட்டுப்போயிடும்."

அன்று வீட்டுக்கு வந்து, கேட்பதற்கு முன்பே ஜன்னல்களைத் துடைத்தேன். மனைவி இரக்கப்பட்டாள். ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே அன்றைய பாட்டைப் படித்தேன். ராஜா விடியற்காலையில் எழுந்து, 'தூவுடை தாங்கி'ப் புறப்படுகிற இடம். தூய உடை அணிந்து என்று அர்த்தமும் சொன்னேன்.

"விடியக்காலையில எழுந்தான். தன் துணியைத் தானே துவைச்சான். போட்டுக்கிட்டுக் கிளம்பினான்" என்றாள்.

"துவைச்சான்னு பாட்டுல இல்லையே?"

"தூய உடைன்னு இருக்கில்ல?"

"இருக்கு."

"காட்டுல இருபது நாளா அலையறான். அமைச்சரும் தூது போயிட்டார், கூட யாரும் இல்லை. துணி எப்படித் தூய உடை ஆச்சு? தானா ஆச்சா?"

யோசித்துப் பார்த்தேன். வேறு வழி இல்லை. துவைத்துத்தான் இருக்க வேண்டும். அன்றோடு நான் அவளை மறுத்துப் பேசுவதை விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், பாட்டைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். கண் பாட்டின் மேல் ஓடும், வாய் படிக்கும், காது அவள் பக்கம் இருக்கும். அவள் சொன்னது நேராக அச்சுக்குப் போயிற்று.

முதல் பாகம் வந்தது. நீல அட்டை, தைத்த கட்டு. நடுவில் என் பெயர், எவ்வளவு பெரிதாகப் போட முடியுமோ அவ்வளவு பெரிதாக. ஆறே வாரத்தில் எல்லாப் பிரதியும் தீர்ந்துவிட்டது. பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண் அதைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கினேன்.

மனைவி புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பேரு நல்லாத் தெரியுது. உள்ள எழுத்தும் பெருசா இருக்கு" என்றாள். பிறகு கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் அவளை ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நினைப்போடு ஆறு வாரம் இருந்தேன்.

ஏழாவது வாரம் பதிப்பாளர் முட்டிவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். மத்தியானம் திரும்பி வந்தவர் நேராக என் மேசைக்கு வந்தார். நொண்டக்கூட இல்லை.

"விசாரணை மேசையில முட்டி டாக்டர் எங்கேன்னு கேட்டேன்யா. அந்த அம்மா என்ன சொல்லுச்சு தெரியுமா? 'நேரா போங்க, மூணாவது கதவு. வழியில யாரையும் கேக்காதீங்க. கேட்டா அவங்களுக்கும் தெரியாது.'"

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"அறுபத்திரண்டாம் பக்கம்யா! அப்படியே! எட்டிப் பாத்தா, மேசை மேல ரெண்டாம் பாகத்தோட பழைய பதிப்பு. பக்கத்துல அகராதி. அதுக்குப் பக்கத்துல ஒரு நோட்டு, பாதிக்கு மேல உரை. மத்தியானம் கூட்டம் இருக்காதாம், அப்ப எழுதறதாம். யாரும்மா நீங்கன்னு கேட்டேன். உங்க வீட்டுக்காரின்னாங்க."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் தோளைத் தட்டினார். "சாயங்காலம் உங்க வீட்டுக்கு வரேன்" என்றார். திட்டியிருக்கலாம்.

வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். நான் எல்லோருக்கும் காபி கொண்டுவந்தேன். மனைவி நோட்டை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டாம் பாகம் உங்க பேர்லதான்மா" என்றார் பதிப்பாளர். "முதல் பாகத்தையும் அடுத்த பதிப்புல உங்க பேருக்கு மாத்திடறேன். நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல?"

நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருபத்திரண்டு வருஷத்துக்கு ஆறு வாரம் கிடைத்தது. பரவாயில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

"வேண்டாம் சார்" என்றாள் என் மனைவி. "முதல் பாகம் அவர் பேர்லயே இருக்கட்டும்."

பதிப்பாளர் காபியை வைத்துவிட்டு, "பெரிய மனசும்மா உங்களுக்கு" என்றார்.

"மனசெல்லாம் இல்ல சார். இவர் பாட்டைப் பாத்துப் படிக்கிறாரா, இல்ல என் வாயைப் பாத்து எழுதறாரான்னு தெரிஞ்சுக்கணும்னு பதினோரு இடத்துல வேணும்னே தப்பாச் சொல்லியிருக்கேன். அப்படியே அச்சுல வந்திருக்கு. நாளைக்கு யாராவது விளக்கம் கேட்டுக் கடிதம் போட்டா, பதில் எழுத ஒரு ஆள் வேணுமில்ல?"

கடிதங்கள் வர ஆரம்பித்துவிட்டன. பதினொன்றில் நான்கை நானே கண்டுபிடித்துவிட்டேன்; மீதி ஏழும் எங்கே என்று கேட்டால், "பாட்டைப் படிச்சுப் பாருங்க, புரியும்" என்கிறாள்.