விறகுத்தொட்டி ஹெட் கிளார்க்

சென்னைப் பட்டணத்தில் வேலை இல்லாதவர்களிலேயே அவரைப் போல ஓயாமல் உழைத்த மனிதர் இன்னொருவர் கிடையாது. இதை எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவேன். அவருடைய நிஜப் பெயர் எனக்குக் கடைசி வரை தெரியாது. எல்லாருக்கும் அவர் ஹெட் கிளார்க். எந்த ஆபீஸில் என்று கேட்டால்தான் வம்பு.

முப்பதுகளின் ஆரம்பம். வியாபாரம் படுத்து, வெள்ளைக்காரக் கம்பெனிகள் எல்லாம் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தன. 'ரிட்ரெஞ்ச்மென்ட்' என்ற வார்த்தையை மயிலாப்பூரில் கறிகாய்க்காரிகூடத் தப்பில்லாமல் சொல்லுவாள். துறைமுகத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் பதினொரு வருஷம் பேனா தேய்த்த என்னையும் ஒரு சனிக்கிழமை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். போனேன். விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. என் மனைவி கோமளம் அப்போது பிள்ளையாண்டிருந்தாள். எந்த வாயால் சொல்வது? திங்கட்கிழமை வழக்கம்போலத் தலைப்பாகையும் கோட்டுமாக, டிபன் டப்பாவோடு கிளம்பி, டிராம் ஏறாமல் கபாலி கோவில் குளத்துப் படியில் போய் உட்கார்ந்தேன்.

அங்கேதான் ஹெட் கிளார்க் என்னைப் பிடித்தார். ஒல்லி உடம்பு, காதில் பென்சில், கக்கத்தில் நீளமாக ஒரு ரிஜிஸ்தர்.

"இன்னா ஐயரே, ரிட்ரெஞ்ச்மென்ட்டா?"

"சேச்சே! இன்னிக்கு லீவு" என்றேன்.

"லீவு போட்டவன் தலப்பா கட்டிக்கினு மீனுக்குப் பொரி போடுவானா? எய்ந்திரு. ஆபீசுக்கு லேட்டாவுது."

ஆபீஸ் மந்தைவெளியில் விறகு விற்கும் தொட்டி ஒன்றுக்குப் பின்னால் இருந்தது. கீற்றுக் கொட்டகை, நாலு கட்டை, ஒரு பழைய மேஜை. என்னைப் போலவே வீட்டில் சொல்லாமல் கிளம்பி வந்த ஆறு குமாஸ்தாக்கள் அங்கே தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்த இடத்துக்கு வாடகையாக ஹெட் கிளார்க் ஞாயிற்றுக்கிழமைதோறும் தொட்டிக்காரனுக்கு விறகு அடுக்கிக் கொடுக்கிறார் என்பது எங்களுக்கு வெகு நாள் தெரியாது.

வேலை இல்லாத ஆபீஸில் கெடுபிடிக்குக் குறைச்சல் இல்லை. ஒன்பதரைக்கு ஆஜர். பேப்பரில் 'தேவை' விளம்பரம் பார்க்க ஒருவர், மனு எழுத ஒருவர், நகல் எடுக்க ஒருவர். இன்டர்வியூவுக்குப் போகிறவருக்குப் பொதுவில் ஒரு நல்ல கோட்டு. அது ஏழு பேரில் ஒருவருக்கும் சேரவில்லை. வராவிட்டால் லீவு லெட்டர் கொடுத்தாக வேண்டும், காரணத்தோடும் திரும்பி வரும் தேதியோடும். ஒருவர் மாமியார் காரியம் என்று எழுதிக் கொடுத்தார். ஹெட் கிளார்க் ரிஜிஸ்தரைப் புரட்டி, "போன மாசமும் இதே மாமியாதான் செத்துப் போச்சு. ரெண்டு வாட்டி சாவ ரூல்ஸ் இல்ல" என்று தள்ளிவிட்டார்.

ஒரு தடவை ஒரே வேலைக்கு ஏழு பேரும் மனுப் போட்டோம். நகல் என்றால் ஓர் எழுத்து மாறக் கூடாது என்பது ஹெட் கிளார்க்கின் உத்தரவு. நகல் எடுத்தவர் பரம விசுவாசி, கையெழுத்துப் போடும் இடத்தைத் தவிர ஒன்றையும் மாற்றவில்லை. ஆக ஏழு பேருக்கும் கண் தெரியாத ஒரே தகப்பனார், கல்யாணம் ஆகாத அதே மூன்று தங்கைகள். துரை பதில் போட்டிருந்தார்: 'சகோதரர்கள் ஏழு பேருக்கும் என் அனுதாபங்கள். தகப்பனாருக்கு நமஸ்காரம்.'

நாங்கள் தலையில் கையை வைத்துக்கொண்டோம். ஹெட் கிளார்க் அதைப் பத்திரமாக ஃபைல் பண்ணினார். "போன மாசம் பதிலே வர்ல. இப்ப வந்துகீது இல்ல?" என்றார்.

பகலெல்லாம் இப்படிச் சிரித்துவிடலாம். சாயங்காலம் வீட்டு வாசலை மிதித்ததும் ஆபீஸ் கதை ஒன்று ஜோடித்துச் சொல்லியாக வேண்டும். கோமளத்தின் வளையல்களை ஒவ்வொன்றாக நானே வாங்கிப் போய் அடகு வைத்துவிட்டு வந்தேன், 'பாலிஷ் போடக் கொடுத்திருக்கேன்' என்று புளுகிக்கொண்டு. ஐந்து மாதம் ஓடியது. ஒரு நாள் காலையில் தியாகராய நகர் மைத்துனன் தெருவில் என்னை மறித்தான். "உங்க கம்பெனிக்குப் போயிருந்தேன் அத்திம்பேர். சாயங்காலம் ஆத்துக்கு வரேன். கோமளத்துக்கு எல்லாம் தெரியட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நான் நேரே ஆபீஸுக்குப் போய், 'சொந்த வேலை' என்று ஒரு லீவு லெட்டர் எழுதி மேஜைமேல் வைத்துவிட்டு சாந்தோம் கடற்கரைக்கு நடந்தேன். வெகு நேரம் மணலில் உட்கார்ந்திருந்தேன். பொழுது சாய்ந்ததும் எழுந்து தண்ணீரில் இறங்கினேன். முழங்கால் நனைந்தது. இடுப்பு நனைந்தது.

"ஐயரே! லெட்டர்ல தப்பு கீது!"

திரும்பினேன். கட்டுமரங்களுக்கு நடுவே ஹெட் கிளார்க் விழுந்தடித்து ஓடி வந்தார். பகலெல்லாம் என்னைத் தேடி அலைந்தாராம். அப்படியே தண்ணீரில் இறங்கி என் கோட்டைப் பிடித்துக்கொண்டார்.

"திரும்பி வர்ற தேதி எங்க? தேதி இல்லாத லெட்டர நான் எப்டி சாங்ஷன் பண்றது?"

"இனிமே தேதி எதுக்கு சார்?" என்றேன். அடக்க முடியாமல் அழுதுவிட்டேன்.

காதிலிருந்த பென்சிலை எடுத்து நீட்டினார். சட்டைப் பையிலிருந்து என் லெட்டரை உருவினார். "நாளைக்கித் தேதியப் போடு, போதும். அதுக்கு மேல இன்னா பண்றதுன்னு நாளைக்கிப் பாத்துக்கலாம். எய்துய்யா!"

அலை இடுப்பில் அடிக்க, அவர் முதுகில் காகிதத்தை வைத்து எழுதினேன்.

கோட்டை விடாமலே வீடு வரைக்கும் வந்தார். உள்ளே மைத்துனன் உட்கார்ந்திருந்தான். கோமளத்திடம் ஹெட் கிளார்க்கே சொன்னார்: "வேலதாம்மா பூட்ச்சி. ஆளு பத்திரமா கீறாரு."

கோமளம் என் ஈர வேஷ்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. "மாத்திண்டு வாங்கோ, சாப்பிடலாம்" என்றாள். அவரிடம், "இருந்து காப்பி சாப்பிட்டுட்டுப் போகணும்" என்றாள். "டூட்டி டயத்துல குடிக்கறதில்லம்மா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

குழந்தை பிறந்த பிறகு எனக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. ஹெட் கிளார்க் ரூல்தடியை வைத்து என் பெயரை அடித்தார். "இனிமே இந்தப் பக்கம் வராதே. வந்தா வேல பூட்ச்சின்னு அர்த்தம்."

வேலை கிடைத்த எல்லாரும் அந்த உத்தரவைச் சந்தோஷமாகவே நிறைவேற்றினோம். அவர் பெயரில் ஒரு மனுவாவது போனதா என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. போகவில்லை. ஐம்பத்தைந்து வயது மனிதரை யார் எடுப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் போனேன். என்னைக் கண்டதும் அவர் முகம் செத்துவிட்டது. "மறுபடியுமாய்யா?"

"இல்லை சார். உங்களைப் பார்க்கணும் போல இருந்தது. வேற ஒண்ணுமில்லை."

"அதுக்கா வந்தே?" என்றார். நம்பாமல் இரண்டு தடவை கேட்டார். பிறகு மேல்துண்டால் ஒரு கட்டையைத் தட்டி என்னை உட்காரவைத்து, "கொஞ்ச நேரம் இருப்பே இல்ல?" என்றார்.

இருட்டும் வரைக்கும் இருந்தேன்.