முள்ளம்பன்றி கையில மூணு சாவி

ஒரு காட்டில், ஆமா காட்டுலதான், ஊருக்குள்ள இப்படி நடந்தா நாம சும்மா விட்டுருவோமா, ஒரு பஸ் ஸ்டாப் இருந்துச்சு. காலேஜுல படிக்கிற கீரிப்பொண்ணு ஒண்ணு அங்க பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டிருந்துச்சு. அன்னிக்கு அதுக்கு செமஸ்டர் பரீட்சை. லேட்டாப் போனா உள்ள விட மாட்டாங்க. ஒரு வருஷம் போச்சு.

பக்கத்துல ஒரு வயசான முள்ளம்பன்றி. காட்டுக்குப் புதுசு. எந்த பஸ் எங்க போகும்னு கேக்க வாயத் தொறந்துச்சு, அப்படியே பொத்துனு விழுந்துச்சு. கை கால் வெட்டி வெட்டி இழுக்குது. வாயில நுரை.

டீக்கடையத் தொறக்க வந்த எருமை, "வலிப்புடா! இரும்பக் குடுங்கடா!"ன்னு கத்திக்கிட்டே கடைச்சாவிய முள்ளம்பன்றி கையில திணிச்சுச்சு.

இரும்புன்னதும் காட்டுக்கே கருணை பொங்கிருச்சு. கரடி பீரோ சாவிய அதே கையில குடுத்துச்சு. குரங்கு ஒரு கையில வீடியோ எடுத்துக்கிட்டே இன்னொரு கையால பைக் சாவியச் சொருகுச்சு.

"அண்ணாச்சி, சாவி குடுத்தா வலிப்பு நிக்காது! தள்ளுங்க, காத்து வரட்டும்!"னு கீரி கத்துச்சு.

"எங்கப்பன் காலத்துலேருந்து குடுக்குறோம். நீ நேத்துப் பொறந்தவ," ன்னுச்சு எருமை.

"உங்கப்பா காலத்துல சாவியால நின்னுச்சா, தானா நின்னுச்சா?"

"வாயப் பாரு. பொட்டப்புள்ளையப் படிக்க வெச்சா இப்படித்தான்," ன்னுச்சு கரடி.

பதிலுக்குப் பதில் பேச கீரிக்கு நாக்கு துடிச்சுச்சு. அடக்கிக்கிட்டு, குனிஞ்சு, முள்ளம்பன்றிய ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுச்சு. தொட்ட எடமெல்லாம் முள்ளு. உள்ளங்கை முழுக்க ரத்தம். அந்தக் கையோட ஆம்புலன்ஸுக்கு போன் போட்டுச்சு.

"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பும்மா, மூஞ்சி தெரியல," ன்னுச்சு குரங்கு.

கொஞ்ச நேரத்துல இழுப்பு நின்னுச்சு.

"பாத்தியா? சாவி!"ன்னு எருமை மார் தட்டுச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க.

முள்ளம்பன்றி அரைக்கண்ணு முழிச்சு, சாவி இல்லாத கையால கீரி வாலப் புடிச்சுக்கிச்சு. "இங்க எனக்கு யாரையும் தெரியாது பாப்பா. கூட இரும்மா."

ஆம்புலன்ஸ் வந்துச்சு. நர்ஸ் கொக்கு எறங்கி, "கூட யாரு வர்றீங்க?"ன்னு கேட்டுச்சு.

அவ்வளவுதான். எருமைக்கு யாவார நேரம் ஞாபகம் வந்துருச்சு. கரடிக்கு வீட்டுக்கு விருந்தாளி வந்துட்டாங்க. குரங்கு வீடியோவ நிறுத்திருச்சு.

கீரி ஆம்புலன்ஸப் பாத்துச்சு. பின்னாடியே வந்து ஹாரன் அடிக்கிற காலேஜ் பஸ்ஸப் பாத்துச்சு. மெதுவா வால உருவிக்கிச்சு. "பரீட்சை முடிஞ்சதும் வந்துடறேன் தாத்தா."

பரீட்சை ஹால்ல அதுக்கு ஒரே ஒரு கேள்விதான் ஓடிக்கிட்டிருந்துச்சு. செஞ்சது போதுமா? அந்தக் கேள்வி வினாத்தாள்ல இல்ல. இருந்திருந்தாலும் கீரி பாஸாகியிருக்காது. முதல் ஆளா பேப்பரக் குடுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுச்சு.

வார்டுல நுழைஞ்சா, தலைமாட்டுல எருமை விசிறிக்கிட்டிருக்கு. கரடி காலப் புடிச்சு விடுது. குரங்கு ஆரஞ்சு உரிச்சு ஊட்டுது.

கீரி தன்னையே திட்டிக்கிச்சு. சே, இவங்களயா கேவலமா நெனச்சேன்?

"அண்ணாச்சி, காலையிலேருந்து இங்கயேவா இருக்கீங்க?"

எருமை பல்லக் கடிச்சுக்கிட்டு காதுல சொல்லுச்சு: "பெரிசு மூடுன கையத் தொறக்க மாட்டேங்குதும்மா! என் கடை இன்னும் பூட்டிக் கெடக்கு!"

அப்புறம் கட்டில் பக்கம் திரும்பி, தேன் ஒழுக, "ஐயா, கையக் கொஞ்சம் தொறங்களேன்," ன்னுச்சு.

"தொறந்தா போயிருவீங்க," ன்னுச்சு முள்ளம்பன்றி. இன்னொரு சொளைக்கு வாயத் தொறந்துச்சு.

அப்புறம்தான் கீரியப் பாத்துச்சு. ரத்தம் காஞ்ச அதோட கையையும் பாத்துச்சு. "வா பாப்பா. நீ எனக்கு சாவி எதுவும் குடுக்கலல்ல?"

"இல்ல தாத்தா."

"அதான் போயிட்ட."

நீதி: ரோட்டுல ஒருத்தர் விழுந்து கெடந்தா படிச்ச அறிவையோ சிந்துற ரத்தத்தையோ குடுக்காதீங்க, பத்தாது. உங்க வீட்டுச் சாவியக் குடுங்க. கடைசி வரைக்கும் கூடவே இருப்பீங்க.