கைக்குப் பூட்டுப் போட்ட மதியம்

பூட்டுப் போடாமல் எனக்கு எந்த வேலையும் ஓடாது. காக்களூரில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் பதினாறு வருடமாகக் காற்றழுத்தச் சோதனை செய்கிறேன். வால்வுக்குள் காற்றை ஏற்றியதும், நடுவில் யாரும் திறந்துவிடாதபடி காற்றுவிடும் திருகுக்குப் பூட்டு. அதில் நம் பெயர் எழுதிய சிவப்பு அட்டை. சாவி எதிர்ச்சுவர்ப் பலகையில். பூட்டியவர்தான் திறக்க வேண்டும். மற்றவர் கை வைத்தால் மெமோ. (பாதி மெமோக்கள் என் புண்ணியம்.)

போன வருடம் என் கணவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. கும்மிடிப்பூண்டி உருக்காலையில் கிரேன் ஓட்டியவர். இடது கை விழுந்துவிட்டது. வாய் கோணிய வெட்கத்தில் பேச்சையும் நிறுத்திவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கைப் பயிற்சிக்குக் கூட்டிப்போனால் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். கை வராவிட்டாலும் போகட்டும், மனுஷன் எனக்குத் திரும்பி வர வேண்டுமே என்று பயந்து கிடந்தேன்.

அப்போதுதான் டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். பிரஷர் பார்க்கும் பட்டையை நல்ல கையில் கட்டி ஐந்து நிமிடம் ரத்த ஓட்டத்தை நிறுத்துவார்கள், ஐந்து நிமிடம் விடுவார்கள். இப்படிச் சில தடவை. கை படும் பாட்டில் மூளை தன்னைக் காத்துக்கொள்ளப் பழகக்கூடுமாம். பலன் உண்டா என்பது இன்னும் உறுதியில்லை, அதைத்தான் பார்க்கிறோம் என்றார். என் கணவர் நல்ல கையைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டார்.

வலிக்காது என்று நானே செய்து பார்த்துச் சொன்னால் சம்மதிப்பார் என்று கணக்குப் போட்டேன். அழுத்தத்தில் எனக்குத் தெரியாததா என்ற திமிர் வேறு.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் வீட்டு பிரஷர் பட்டையை வலக்கையில் சுற்றி, சோதனை பெஞ்சின் காற்றுக் குழாயில் மாட்டினேன். பட்டை பிய்த்துக்கொண்டது. பார்சல் கட்டும் நைலான் பட்டையை அதன்மேல் சுற்றி, பல்லால் இழுத்து இறுக்கினேன். மறுபடி காற்றை ஏற்றினேன். முள் இருநூறைத் தொட்டதும், பழக்க தோஷம், காற்றுவிடும் திருகைப் பூட்டினேன். அட்டை மாட்டினேன். சாவியை எட்டி வீசினேன். பலகை ஆணியில் அழகாகப் போய் மாட்டியது. அதற்குப் பிறகுதான் குழாயின் நீளம் மூன்றடி, சாவி எட்டாது என்பது உறைத்தது. நைலான் பட்டையை ஒற்றைக் கையால் அவிழ்க்கவும் முடியவில்லை.

ஐந்து நிமிடத்தில் கை மரக்கட்டை. சாப்பிட்டுவிட்டு வந்த பக்கத்து பெஞ்ச் தேவசகாயத்திடம் சாவியை எடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். போன மாதம்தான் அடுத்தவர் பூட்டைத் தொட்டதற்காக அவருக்கு மெமோ வாங்கிக் கொடுத்திருந்தேன். அவர் அட்டையில் என் பெயரை நிதானமாகப் படித்தார்.

"பூட்டுனவங்கதான் தொறக்கணும்னு நீங்கதானே மேடம் சொல்லிக்கினே இருப்பீங்க. ரிஜிஸ்டர்ல ஒரு கையெழுத்துப் போடுங்க, தொறக்கறேன்."

இடக்கையால், 'என் கையை விடுவிக்கச் சம்மதிக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பக்கத்தை இன்றைக்கும் ஆடிட்டருக்குக் காட்டுகிறார்கள்.

கம்பெனி வேனில் அதே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். டாக்டரம்மா கையைச் சோதித்து, பயமில்லை என்றார். பிறகு, இது வீட்டில் செய்து பார்க்கும் விளையாட்டா என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். பயிற்சிக்கு வந்திருந்த என் கணவர் பக்கத்துப் படுக்கையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் படுக்கைதான் ஆடியது. அழுகிறாரோ என்று ஓடினேன். கோணிய வாயோடு, கண்ணில் நீர் வர, சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் அழுகை வந்தது.

"இவ கையில மாட்டறதுக்கு, உங்க மெஷின் மேலு டாக்டர்," என்று குழறிக்கொண்டே ஆராய்ச்சிக்குச் சம்மதித்தார். அதில் சிலருக்கு முழு அழுத்தம், சிலருக்குப் பேருக்குக் கொஞ்சம். யாருக்கு எதுவென்று சொல்ல மாட்டார்களாம். (அழுத்தம் எவ்வளவென்று தெரியாமல் எனக்கு மண்டை காய்கிறது.) அதனாலோ, பயிற்சியாலோ, போன வாரம் இடக்கையால் டம்ளரைத் தூக்கிக் காபி குடித்தார். பாதி சட்டைக்குப் போனது.

வீட்டுக்கு வருகிறவர்கள் உடம்பு தேவலையா என்று கேட்டால், இப்போதெல்லாம் நான் வாய் திறப்பதற்குள் அவரே முந்திக்கொள்கிறார்.

"நான் நல்லா ஆயிக்கினு வர்றேன். இவளுக்குத்தான் இன்னும் குணமாவல."